பதினாறின் செவ்வி: காளத்தி வேடச் சிறுவன் கதையில் இளமையும் இறப்பும்

0. முன்னுரை

குழந்தை இலக்கியத்திற்கும் முதிர்ந்தோர் இலக்கியத்திற்கும் இடைப்பட்ட வாசகர்க்கென எழுதப்படும் புனைகதை, மேலைநாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனி வகையாக உருப்பெற்றது. எஸ்.இ. ஹிண்டன் தம் பதின்பருவத்திலேயே எழுதி 1967இல் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' இவ்வகையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இவ்வகையினுள் சாவை எதிர்நோக்கியிருக்கும் இளையோர், எஞ்சிய நாள்களைக் குறைவின்றி வாழ முற்படுவதைப் பேசும் கதைகள் ஒரு கிளையாக வளர்ந்துள்ளன. ஜான் கிரீன் 2012இல் வெளியிட்ட 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' இக்கிளையில் பரவலாக அறியப்பட்ட நாவல். அதன் தலைவி புற்றுநோயுற்ற பதினாறு வயதுப் பெண்.

தமிழில் இவ்வகைக்கு நிலைத்த இடம் இன்னும் அமையவில்லை. சாகித்திய அகாதெமி 2010இல் சிறார் இலக்கியத்திற்கெனப் பால சாகித்திய விருதையும், 2011இல் யுவ விருதையும் தொடங்கியது. பின்னது வாசகரின் வயதைக் கருதியதன்று. 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளருக்கு வழங்கப்படுவது. இடைப்பட்ட வாசகர் இவ்விரு பகுப்புகளுக்கும் நடுவே பெயரின்றி நிற்கின்றனர். எனவே, பதின்பருவத்தினர் சாவைச் சந்திக்கும் கதை தமிழுக்குப் புதிது, மொழிபெயர்ப்பின் வழியாக வரவேண்டியது என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது.

இவ்வெண்ணம் முழுமையாகப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. திருப்பதிக்குக் கிழக்கே பொன்முகலிக் கரையில் நிகழ்ந்ததாகத் தமிழும் தெலுங்கும் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் கண்ணப்பன் கதை, பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் ஆறு நாள் வாழ்வைப் பற்றியது. அக்கதையைச் சமயக் கதை என்ற அளவில் நிறுத்தாது, அதன் பருவச் சொற்களையும் வினைவடிவங்களையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதும், அவற்றிலிருந்து இன்றைய மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்கவற்றைத் தொகுத்துரைப்பதும் இங்கு மேற்கொள்ளப்படுகின்றன.

1. பருவப் பெயர்களும் பதினாறு என்னும் எல்லையும்

பாட்டியல் நூல்கள் பெண்டிர்க்குப் பேதை முதலாக ஏழு பருவங்களை வகுத்தமை நன்கு அறியப்பட்டது. ஆடவர்க்கும் இத்தகைய பகுப்பு உண்டு. பன்னிரு பாட்டியல் பாலனுக்கு 7, மீளிக்கு 10, மறவோனுக்கு 14, திறலோனுக்கு 15, காளைக்கு 16 என எல்லை கூறி, அதன்பின் 30 வரை விடலை என்றும், 30ஐக் கடந்தவன் முதுமகன் என்றும் உரைக்கிறது. இங்கு இரு செய்திகள் நோக்கத்தக்கன. ஒன்று, 14, 15, 16 ஆகிய மூன்று அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு மூன்று தனிப்பெயர்கள் இருத்தல். வேறு எந்தப் பருவத்தையும் இந்நூல் இத்துணை நுணுக்கமாகப் பகுக்கவில்லை. மற்றொன்று, பதினாறு என்பது ஒரு பருவம் முடியும் கோடாக அமைதல்.

பிற்காலத்தில் இச்சொற்கள் இடம்பெயர்ந்தன. 'விடலை' என்பது பாட்டியலில் பதினாறைக் கடந்தவனைக் குறித்தது. இன்று 'விடலைப் பையன்' என்னும்போது பதினாறை எட்டாதவனும் அதில் அடங்குகிறான். சிறிது இகழ்ச்சியும் கலந்துவிட்டது. 'காளை' எருதின் பெயராகவும், நாட்டார் பாடலில் இளைஞனுக்குரிய உருவகமாகவும் நின்றது. 'மீளி', 'திறலோன்' ஆகியன வழக்கு வீழ்ந்தன. இவ்வெற்றிடத்தை நிரப்பவே உளவியல் நூலார் 'குமரப் பருவம்' என்றும், நலவாழ்வுத் துறையினர் 'வளரிளம் பருவம்' என்றும், இதழாளர் 'பதின்பருவம்' என்றும் சொற்களை ஆக்கினர். இவை மூன்றும் கலைச்சொற்கள். ஒரு தாய் தன் மகனைப் பற்றிப் பேசும்போது இவற்றுள் எதையும் கையாளுவதில்லை. 'வயசுப் பையன்' என்பாள்.

புராண மரபிலும் பதினாறு ஓர் எல்லையாகவே நிற்கிறது. குறைந்த ஆயுளும் நிறைந்த அறிவும் உடைய மகனா, நீண்ட ஆயுளும் மழுங்கிய அறிவும் உடைய மகனா என்ற தெரிவு மிருகண்டு முனிவருக்கு அளிக்கப்பட, அவர் முன்னதைத் தெரிந்தார் என்பதும், மார்க்கண்டேயனுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் பதினாறு என்பதும் யாவரும் அறிந்தவை. ஞானசம்பந்தர் சோதியில் கலந்ததும் பதினாறாம் ஆண்டில் என்பது மரபு. வாழ்வின் நீளத்தையும் நிறைவையும் எதிரெதிரே நிறுத்தி வினவும் வழக்கம் இம்மண்ணில் புதிதன்று என்பது இவற்றால் புலனாகிறது.

2. களம்: பெயரிலேயே இறப்பைக் கொண்ட ஊர்

காளத்தி பழைய தொண்டை நாட்டின் வடபகுதியில் அமைந்தது. மூவர் பாடல் பெற்றது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும், 1960இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழகத்தோடு இணைக்கப்பட்டபோதும் காளத்தி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஆட்சி எல்லைகள் மாறினும் இரு மொழிகளும் உறவாடும் நிலப்பகுதியாகவே இது தொடர்ந்து வந்திருக்கிறது.

ஊர்ப்பெயர் பற்றிய தலபுராண விளக்கம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. சீ என்னும் சிலந்தி, காளம் என்னும் பாம்பு, அத்தி என்னும் யானை ஆகிய மூன்றும் இங்கு வழிபட்டு, அவ்வழிபாட்டினாலேயே உயிர்நீத்தன என்பது அது. தான் நூற்ற வலையை எரித்த சுடரின்மேல் பாய்ந்தது சிலந்தி. ஒன்றன் வழிபாட்டை மற்றொன்று இடையூறெனக் கருதிப் பொருது மடிந்தன பாம்பும் யானையும். இது மக்கள் வழங்கும் சொற்பிறப்பே ஆயினும், இறந்த மூவரின் பெயர்களே ஊர்ப்பெயர் ஆயின என்ற உணர்வு ஊராரிடம் நிலைபெற்றிருக்கிறது. தெலுங்கு 'ஸ்ரீகாளஹஸ்தி' மூன்று பெயர்களையும் காத்துநிற்கிறது. தமிழ்த் 'திருக்காளத்தி'யில் முதலுறுப்பு வெறும் அடைமொழியாகக் கேட்கப்படுவதால் சிலந்தி மறைந்து, பாம்பும் யானையும் மட்டும் எஞ்சுகின்றன. ஆற்றின் பெயரிலும் இத்தகைய மொழியுறவைக் காணலாம். வடமொழிச் 'சுவர்ணமுகரி'யின் முற்பகுதி 'பொன்' என மொழிபெயர்க்கப்பட, பிற்பகுதி 'முகலி' என ஒலிபெயர்க்கப்பட்டுள்ளது. பாதி மொழிபெயர்ப்பும் பாதி ஒலிபெயர்ப்புமாகிய இம்முறை இருமொழி நிலத்திற்கு இயல்பானது.

3. கதையின் மரபு

கண்ணப்பனைத் தேவார ஆசிரியர்களும் மாணிக்கவாசகரும் குறிப்பிடுகின்றனர். சுந்தரர் தம் தொண்டர் வரிசையில் அவரை வைத்தார். கதையை விரித்துரைக்கும் தனிப்பாட்டுகள் 11ஆம் திருமுறையில் உள்ளன. நக்கீரதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் ஆகிய இருவர் பெயரிலும் 'திருக்கண்ணப்பதேவர் திருமறம்' என்ற ஒரே தலைப்பில் இரு பாடல்கள் அமைந்திருத்தல் குறிப்பிடத்தக்கது. மறம் என்பது வீரம், சினம், கொலைத்தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் சொல், அறத்திற்கு எதிர்நிலை. அதனோடு 'திரு' என்ற அடையைச் சேர்த்தமையால் கொல்லுதலும் புனிதமும் ஒரே தலைப்பில் அடக்கப்பட்டன.

இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் இக்கதைக்குப் பெரியபுராணத்தில் நிறைவான வடிவம் தந்தார். தெலுங்கில் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பால்குரிகி சோமநாதரின் பசவபுராணத்தில் இக்கதை இடம்பெறுகிறது. 16ஆம் நூற்றாண்டில், கிருஷ்ணதேவராயரின் அவைப்புலவருள் ஒருவராக மரபு கூறும் தூர்ஜடி, தம் 'ஸ்ரீகாளஹஸ்தி மாஹாத்மியமு' என்னும் நூலில் இதனை விரிவாகப் பாடினார்.

4. சேக்கிழார் காட்டும் இளைஞன்

4.1 பெயர்

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் நெடுநாள் கழித்துப் பிறந்த மகனைத் தந்தை கையில் ஏந்தியபோது அவன் கனமாக இருந்தான். அதனால் திண்ணன் எனப் பெயரிட்டான் என்கிறது புராணம். திண்மை உறுதியையும் எடையையும் ஒருங்கே குறிக்கும். பின்னர், காளத்தி மலையை நெருங்குந்தோறும் தன்மேல் உள்ள பாரம் ஒன்று நீங்குவதுபோல் இருக்கிறதென அவ்விளைஞன் தோழனிடம் கூறுகிறான். எடையால் பெயர் பெற்றவன் எடை குறைவதை உணரும் இவ்விடம், பெயரையும் நிகழ்ச்சியையும் இணைத்துப் படித்தாலன்றிப் புலப்படாது. 'திண்ணன்' என்பதை ஒலிபெயர்ப்பாக மட்டும் தரும் மொழிபெயர்ப்பில் இத்தொடர்பு அறுந்துவிடுகிறது.

4.2 பார்வை

திண்ணனின் குழந்தைமையைச் சொல்லுமிடத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. வேட்டைக்கெனப் பழக்கி வைத்திருந்த புலியின் வாயை மலைக்குகை என்று கருதிக் குழந்தை கையை நீட்டுகிறது. தந்தை தழைக்கொம்பை ஓங்குகிறான். குழந்தையின் கண்ணில் நீர் துளிர்க்கிறது. தாய் அணைத்து முத்தமிடுகிறாள். பிற விலங்குகளைக் கவர்ந்து அகப்படுத்துவதற்காகப் பழக்கப்பட்ட இவ்விலங்கின் பெயர் 'பார்வை'. பெரும்பாணாற்றுப்படையிலும் இப்பொருளில் இச்சொல் உள்ளது. இன்றைய வாசகருக்குப் பார்வை என்றால் கண்ணின் தொழில் மட்டுமே. கண்ணை ஈந்தவனின் கதையில், அவன் முதன்முதலாகச் சாவின் வாயில் கைவைத்த இடத்தில் இச்சொல் நிற்பதைப் புலவர் கருதியே அமைத்தார் என்று துணிய இயலாது. எனினும் பழம்பொருளை அறிந்து படிப்பவருக்கு அவ்வொலி கேட்கவே செய்யும். ஆங்கிலத்தில் இவ்விடத்தை வேட்டைக்குரிய ஏமாற்று விலங்கு என்ற பொருளில்தான் பெயர்க்க முடியும், கண் தொலைந்துபோகும்.

4.3 செவ்வி

திண்ணன் விற்பயிற்சி முடித்த வயதைச் சேக்கிழார் எட்டின் இருமடங்காகக் கூறி, அதனோடு 'செவ்வி' என்ற சொல்லை இணைக்கிறார். செவ்வி என்பது காலம், பதம், அழகு, புதுமை, தக்க சமயம் ஆகிய பொருள்களை உடையது. குறளின் 1289ஆம் பாவில் மலர் மலரும் பதத்தோடு ஒப்பிடப்படும் நிலைக்கும் இச்சொல்லே வருகிறது. எனவே பதினாறு என்பது இங்கு ஆண்டுக்கணக்காக மட்டும் நில்லாமல், கனி கனியும் பதம்போல் வந்து போவதொரு சமயமாகவும் நிற்கிறது. தாமதித்தால் கடந்துவிடும் என்ற குறிப்பும் சொல்லினுள்ளேயே உண்டு. நிறைவாக வாழ்தல் என்ற கருத்தை விளக்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நீண்ட தொடர்களைத் தேடும்போது, அதன் பெரும்பகுதியைத் தன்னுள் அடக்கிய ஒற்றைச் சொல் ஏற்கெனவே இம்மொழியில் இருத்தலை மறக்கலாகாது.

4.4 கன்னிவேட்டையும் ஆறு நாளும்

மூப்பெய்திய நாகன் தலைமையை மகனிடம் அளிக்கிறான், தேவராட்டி வாழ்த்துகிறாள். இளைஞனின் முதல் வேட்டைக்குக் 'கன்னிவேட்டை' என்று பெயர். கன்னி என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதாகாது, முதன்முதலாக நிகழும் எதற்கும் அடையாக வரும் வழக்கு 'கன்னிப் பேச்சு', 'கன்னி முயற்சி' ஆகியவற்றில் இன்றும் வாழ்கிறது.

பன்றி ஒன்றைத் துரத்தி நாணன், காடன் என்னும் இரு தோழரோடு கூட்டத்தைப் பிரியும் திண்ணன், அதனைக் கொன்றபின் மலையேறுகிறான். அங்குக் கண்ட இறைவனைக் காட்டுவிலங்குகள் உலவும் இடத்தில் துணையின்றி இருப்பவராக எண்ணி உருகுகிறான். தோழர் அவனைப் பித்தேறியவன் எனக் கருதித் திரும்புகின்றனர். தந்தையும் தேவராட்டியும் வந்து அழைத்தும் அவன் இறங்கவில்லை. இரவெல்லாம் உறங்காது காவல், பகலில் வேட்டை, தான் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தல். இன்னொரு நேரத்தில் வரும் சிவகோசரியார் எலும்பும் இறைச்சியும் கண்டு பதறித் தூய்மை செய்கிறார். இவ்வாறு ஐந்து நாள் கழிகிறது. ஆறாம் நாள் கண் குருதி சொரிகிறது.

இக்கதையின் உறுப்புகளைச் சமயப் பொருளை ஒதுக்கி வரிசைப்படுத்தினால், வீட்டை நீங்குதல், முதற்கொலை, தோழரின் பிரிவு, பெற்றோரின் அழைப்பை மறுத்தல், மூத்தோர் வகுத்த முறைக்கு மாறான தன் முறையைக் கண்டடைதல், தன்னைவிடப் பிறிதொருவரைப் பெரிதாக நேசித்தல் என அமைகிறது. இன்றைய இளையோர் நாவலின் அடிப்படைக் கட்டமைப்பும் ஏறத்தாழ இதுவே. நாள்களை எண்ணிச் சொல்லும் முறையும் ஒத்துள்ளது. புராணம் பதினாறாண்டை விரைந்து கடந்து ஆறு நாளில் தங்குகிறது.

4.5 அஞ்சேன்

இக்கதையின் உயிர்நிலை ஒரு வினைமுற்றில் உள்ளது. முதற்கண்ணில் குருதி கண்டபோது திண்ணன் சோர்ந்து விழுகிறான், பகைவனைத் தேடுகிறான், பச்சிலை பிழிகிறான். பயனில்லை. தசைக்குத் தசையே மருந்து என்ற பழமொழி நினைவுக்கு வர, தன் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்புகிறான். குருதி நிற்கவே, மகிழ்ந்து கூத்தாடுகிறான். மற்றைக் கண்ணிலும் குருதி பொங்கியபோது முன்போல் கலங்காமல், 'அஞ்சேன்' என்கிறான். மருந்து கைவசம் உள்ளது என்கிறான்.

'அஞ்சேன்' என்பது காலங்காட்டும் இடைநிலை பெறாத எதிர்மறை வினைமுற்று. அஞ்சவில்லை, அஞ்சுகின்றிலேன், அஞ்சமாட்டேன் ஆகிய மூன்றும் இதனுள் அடங்கும். இக்காலத் தமிழில் இவ்வடிவம் 'அறியேன்' போன்ற சில சொற்களில் உறைந்து நிற்பதன்றிப் பெருவழக்கில் இல்லை. 'அஞ்சவில்லை', 'அஞ்சமாட்டேன்' என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். முன்னது நடந்ததைக் கூறும். பின்னது வரப்போவதைப் பற்றிய உறுதியைக் கூறும். ஆங்கிலத்திலும் இத்தெரிவு தவிர்க்க இயலாதது. பெரியபுராணத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் அனைவரும் கடந்தாக வேண்டிய இடம் இது. தெலுங்கில் இதற்கு இணையான எதிர்மறை வடிவம் இன்றும் வாழ்வழக்கில் உள்ளது. எனினும் நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் மட்டுமே அது பயன்பட, இறப்புக்கு 'லேது' சேர்ந்த வடிவம் தனியே அமைந்துவிட்டது.

நமனை நோக்கி அப்பர் கூறிய 'அஞ்சோம்' என்பதும் இவ்வடிவின் பன்மையே. சாவின்முன் நிற்பவன் பேசும் சொல் காலத்திற்கு உட்படாத வடிவில் அமைந்திருத்தல் பொருளோடு மிகப் பொருந்துகிறது. அஞ்சாமை இங்கு நேற்று நிகழ்ந்ததும் அன்று, நாளைக்குரிய சூளுரையும் அன்று, நிலை. இலக்கணம் மாறியபின் இந்நிலையைச் சொல்லும் எளிய வழி ஒன்றை மொழி இழந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

4.6 நில்லு, நிற்க

திண்ணனைத் தடுக்கும் இறைவனின் கூற்று இரு நூல்களில் இரு வடிவங்களில் உள்ளது. திருமறத்தில் உகரச் சாரியை பெற்ற 'நில்லு' என்னும் ஏவல் மும்முறை வருகிறது. இது பேச்சோடு நெருங்கிய வடிவம். விழப்போகும் பிள்ளையைத் தாய் தடுக்கும்போது எழும் ஒலி. சேக்கிழாரிடம் அது 'நிற்க' என்னும் வியங்கோளாகிறது. வியங்கோள் ஏவப்படுபவரின் வயதையும் தகுதியையும் காட்டாது. சிறுவனை நோக்கிய பதற்றம், அடியாரை நோக்கிய மதிப்பாக மாறியமை இவ்விரு வடிவங்களின் வேறுபாட்டில் பதிவாகியுள்ளது எனலாம். குழந்தைப் பருவத்திலேயே 'திண்ணனார்' என ஆர் விகுதி பெறுவதும் இம்மாற்றத்தோடு இயைவது.

அவ்விளி தரும் புதுப்பெயரும் ஆராயத்தக்கது. 'அப்பு' என்பது குழைத்துப் பூசுதல், ஒட்டவைத்தல் என்னும் பொருளுடைய வினை. கண்ணை அப்பியவன் கண்ணப்பன். தந்தையைக் குறிக்கும் 'அப்பன்' என்ற சொல்லும் அதே ஒலியில் கேட்கிறது. பதினாறு வயது மகன், தன் செயலால் ஒரு நொடியில் அப்பன் ஆகிறான். அவன் இறந்தான் என்று புராணம் கூறவில்லை. வலப்பக்கத்தில் நிலையாக நிற்கும் பேறு பெற்றான் என்பதோடு நிறுத்துகிறது.

5. தெலுங்கில் தின்னடு

திராவிட மொழிகளுள் தமிழ் ணகர இரட்டிப்பும் ணகர ஈறும் கொண்ட இடங்களில் தெலுங்கு னகர இரட்டிப்பைப் பெறுவது ஒழுங்கான மாற்றம்: கண் - கன்னு, மண் - மன்னு, விண் - வின்னு. இவ்வொழுங்கின்படி திண்ணன் 'தின்னடு' ஆகிறான். ஆனால் தெலுங்கில் 'தின்ன' என்னும் அடிக்கு நேரானது, கோணலற்றது என்பது பொருள். 'தின்னகா' என்றால் நேராக. ஆகவே எடையால் பெயர் பெற்ற தமிழ்ச் சிறுவன், எல்லையைக் கடந்ததும் நேர்மையால் பெயர் பெற்றவனாகக் கேட்கப்படுகிறான். ஒலி ஒழுங்கு காக்கப்பட, பொருள் புதிதாகிவிட்டது. விகுதியிலும் வேறுபாடு உண்டு. தமிழ் 'ஆர்' உயர்வுப்பன்மை. தெலுங்கு 'டு' உயர்வு சாராத ஆண்பால் ஒருமை. தின்னடு பெயரளவில் சிறுவனாகவே நிற்கிறான்.

தூர்ஜடியின் தின்னடு பேச்சில் வல்லவன். காட்டில் தனித்திருக்கும் இறைவனைத் தன் ஊருக்கு வருமாறு அழைக்கிறான்; அங்குக் கிடைக்கும் உணவு வகைகளையும் வசதிகளையும் எடுத்துரைக்கிறான். சேக்கிழாரின் திண்ணன் இறைவனின் தனிமைக்கு இரங்கி அங்கேயே தங்கிவிட, தெலுங்குச் சிறுவன் அத்தனிமையைத் தன் உலகின் இன்பங்களால் தீர்க்கப் பார்க்கிறான். உலகின் சுவைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும் ஒருவன் அடுத்துத் தன் கண்ணையே தோண்டுகிறான் என்பது அக்கொடையின் விலையை மிகுவிக்கிறது. வாழ்வை வெறுத்தவன் உயிரைப் பொருட்படுத்தாமை வியப்பன்று. வாழ்வைச் சுவைப்பவன் அவ்வாறு செய்வதே கதை.

6. வயதை இழந்த கண்ணப்பன்

20ஆம் நூற்றாண்டில் இக்கதை திரையின் வழியே பரவியது. 1954இல் ராஜ்குமார் நடித்த கன்னடப் படமான 'பேடர கண்ணப்ப'வும், 1976இல் பாப்பு இயக்கத்தில் கிருஷ்ணம் ராஜு நடித்த தெலுங்குப் படமான 'பக்த கண்ணப்ப'வும் புகழ்பெற்றவை. இவற்றில் கண்ணப்பன் முதிர்ந்த இளைஞன். அவனுக்கு மனைவி உண்டு. 2025இல் வெளிவந்த 'கண்ணப்பா'விலும் கதைத்தலைவி இடம்பெறுகிறாள். நாயகனுக்கு ஏற்ற நடிகர், நாயகி, காதற்பாட்டு ஆகிய திரைத்தேவைகள் பதினாறை அழித்துவிட்டன.

இவ்விழப்பு சிறிதன்று. முதிர்ந்தவன் செய்யும் தியாகம் பத்தியின் எல்லையைக் காட்டும். பதினாறு வயதினன் செய்வது வேறொரு வினாவையும் எழுப்பும்: வாழ்வு தொடங்கும் பதத்தில் நிற்பவன் அதன் நிறைவை எதில் காண்கிறான்? சிறுவர்க்கெனச் சுருக்கி எழுதப்படும் பதிப்புகளில் நேர்வதோ இதற்கு மறுதலையானது. அங்கு வயது எஞ்சினாலும், குருதியும் அச்சமும் அஞ்சாமையும் ஓரிரு தொடரில் கடக்கப்பட்டு, கதை நற்பண்பு கூறும் பாடமாகிவிடும். முதிர்ந்தோர் வடிவம் இளமையை நீக்குகிறது. சிறுவர் வடிவம் சாவை நீக்குகிறது. இரண்டும் ஒருங்கே நிற்கும் வடிவம் மூலநூலில் மட்டுமே உள்ளது. அம்மூலமோ இன்றைய பதின்பருவத்தினர் உரையின்றிப் படிக்க இயலாத மொழியில் இருக்கிறது.

7. பிறநாட்டு ஒப்புமை

இளையோர்க்குச் சாவை மறைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு மாறான சான்றுகள் உலகில் உண்டு. தாகூர் 1912இல் வெளியிட்ட 'டாக்கர்' என்னும் நாடகம், நோயால் அறைக்குள் அடைபட்ட அமல் என்னும் சிறுவன் சன்னல் வழியே வருவோர் போவோருடன் உரையாடி உலகைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்வதைக் காட்டுவது. 1942 ஜூலை 18 அன்று வார்சா யூதக் குடியிருப்பில் தம் ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகளைக் கொண்டு யானுஷ் கோர்ச்சாக் இந்நாடகத்தை நடத்தினார். அடுத்த மாதத் தொடக்கத்தில் அவரும் ஏறத்தாழ 200 குழந்தைகளும் திரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொலைக்களத்தின் வாயிலில் இருந்த குழந்தைகளுக்கு அவர் தேர்ந்த நூல், இறக்கும் சிறுவனைப் பற்றியது.

தாகூர் 1919இல், அன்று சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த மதனப்பள்ளியில் தங்கியிருந்தார். அவ்வூருக்கு அருகில் 1915 முதல் காசநோயாளர்க்கான மருத்துவ இல்லம் ஒன்று இயங்கிவந்தது. அவ்விடத்திற்கு வாய்த்த பெயர் ஆரோக்கியவரம். சாவை எதிர்நோக்கியோர் தங்கும் இடத்திற்கு உடல்நலத்தின் பெயரைச் சூட்டியதும், மூன்று இறப்புகளை ஊர்ப்பெயராக ஏற்றதும் ஒரே மாவட்டத்தில் நிகழ்ந்த இருவேறு பெயரீட்டு முறைகள்.

கிரீனின் நாவலோடு ஒரு கட்டமைப்பு ஒற்றுமையும் உண்டு. அதில் தன் சாவை எதிர்நோக்கியிருக்கும் பெண், முடிவில் காணநேர்வது தான் நேசித்தவனின் சாவை. காளத்திக் கதையிலும் இளைஞனை உலுக்குவது தன் உடலின் கேடன்று. நேசிக்கப்படுபவரின் கண்ணில் வழியும் குருதி. தனக்கு வரும் சாவைவிடப் பிறர்க்கு வரும் கேடே இளமையை முதிரச்செய்கிறது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வேறுபாடும் தெளிவு. நாவலில் நோய்க்கு மருந்தில்லை. புராணத்தில் இளைஞனே மருந்தாகிறான்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, பதின்பருவத்தின் இறுதிக்கட்டத்தைத் தமிழ் மரபு தனிப்பெயர்களால் நுணுகிப் பகுத்திருந்தது. அச்சொற்களை மீட்டுப் புழக்கத்திற்குக் கொணர்தல் எளிதன்று. 'செவ்வி' போன்றதொரு சொல்லையேனும் இவ்வகை நூல்களின் மொழிபெயர்ப்பில் உரிய இடத்தில் கையாளலாம்.

இரண்டாவது, அஞ்சாமையைக் கூறும் காலங்காட்டா எதிர்மறை, உரைநடையில் வழக்கிழந்திருப்பினும் வாசகர்க்கு இன்னும் புரியும் வடிவமே. சாவின்முன் நிற்கும் இளம் பாத்திரத்தின் கூற்றை 'பயப்பட மாட்டேன்' என்று பெயர்க்குமுன், அது உறுதிமொழியா, நிலையா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஆராய்ந்து தெளிதல் வேண்டும். நிலையாயின் இப்பழைய வடிவம் ஓரிரு இடங்களில் துணைசெய்யும்.

மூன்றாவது, இக்கதையை இளையோர்க்கென மறுபடி எழுத முற்படுவோர் அவனது வயதையும் அச்சத்தையும் ஒருங்கே காத்தல் வேண்டும். 'நில்லு' என்பதா, 'நிற்க' என்பதா என்ற தெரிவில் அடியாருக்கு எழுதுகிறோமா, சிறுவனுக்கு எழுதுகிறோமா என்பது வெளிப்பட்டுவிடும். பதினாறு வயது வாசகருக்கு எழுதுவோர் 'நில்லு' என்பதையே கொள்ளலாம். தமிழில் அதுவே மூத்த வடிவமும் ஆகும்.

காளத்தியில் விசயநகர காலத்தைச் சார்ந்த பெருங்கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அதன் இடத்தில் புதியது எழுப்பப்பட்டு 2017இல் குடமுழுக்கும் நடந்தேறியது. கல்லில் வீழ்ந்ததைக் கல்லால் எழுப்ப இயன்றது. சொல்லில் வீழ்ந்ததை மீண்டும் எழுப்பும் பணி மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. அதனைச் செய்யும்வரை, பதினாறு வயதினர் சாவைப் பற்றிய தம் வினாக்களுக்கு விடை தேடிப் பிறமொழி நூல்களையே நாடுவர். தம் ஊருக்கு அருகில் அதே வயதினன் ஒருவன் அவ்வினாவை எதிர்கொண்டு நின்ற கதை இருப்பதை அறியாமலே போவர்.